மாமி வந்திறங்கிய அன்று கார் திறக்கவில்லை

எங்கள் மாமாவுக்கு உலகத்தில் பயம் என்று ஒன்று இருந்ததென்றால், அது குளிர்காலத்துக் காலையில் ஸ்டார்ட் ஆகாத காரைப் பற்றிய பயம்தான். ஊரில் ஹெலிகொப்டரிலிருந்து சுட்டபோது சைக்கிளோடு மதகுக்குக் கீழே பாய்ந்து படுத்தவர், எழும்பியதும் சங்கிலி கழன்றிருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தாராம். அம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அப்படிப்பட்ட மனிதர், லண்டன் பிளேஸ்டோவில் எங்கள் வீட்டுக் குசினியில் நின்றுகொண்டு, இன்றிரவு உறைபனி என்று ரேடியோவில் கேட்டுவிட்டால் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிடுவார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டு மேல்மாடியில், கட்டிலைப் போட்டால் கதவு முழுதாகத் திறக்காத சின்ன அறையில் இருந்தார். வேலை பெற்றோல் நிலையத்தில். யாரோ ஓடி, பிறகு வேறு யாரோ ஓடி, கடைசியில் மாமாவின் கைக்கு வந்த மண்ணிறக் கார் ஒன்று அவரிடம் இருந்தது. எனக்கு அப்போது எட்டு வயது. அது எனக்கும் மாமாவுக்கும் பொதுவான கார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவைத்திருந்தேன்.

அந்தக் குளிர்காலம்தான் மாமாவுக்குக் கொழும்பிலிருந்து பொம்பிளை வருவதாக இருந்தது. கல்யாணப் பேச்சுக்கால் எல்லாம் கடிதத்திலும் ரெலிபோனிலும் முடிந்திருந்தன. மாமாவும் பொம்பிளையும் ஒருவரையொருவர் படத்தில் பார்த்ததோடு சரி. மாமாவின் படத்தை எடுத்தது அம்மா. அதில் மாமா பாதி, கார் பாதி. அம்மா எழுதிய கடிதமும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்ததாம். "மாப்பிள்ளையைப் பற்றி ரெண்டு வரி, காரைப் பற்றி ரெண்டு பக்கம். வாற பிள்ளை காரைத்தான் கட்டப்போகுது" என்று அப்பா அடிக்கடி சொல்லுவார்.

ஆகவே அந்தக் காரில்தான் ஹீத்ரோ விமானநிலையத்துக்குப் போக வேண்டும் என்பதில் மாமா ஒற்றைக்காலில் நின்றார். ஒரு மினிகாப் பிடித்தால் என்ன என்று அப்பா கேட்டதற்கு, "அத்தான், கார் இருக்கெண்டு சொல்லிப்போட்டு வாடகைக் காரிலை கூட்டிக்கொண்டு வந்தால் அவ என்ன நினைப்பா?" என்றார். அம்மாவுக்குக் காரைப் பற்றிக் கவலையில்லை. "எதிலை போனாலும் சரி. அந்தப் பிள்ளை கதவைத் திறந்துகொண்டு வெளியிலை வரேக்க நாங்கள் முன்னாலை நிக்கவேணும். தெரியாத ஊரிலை அது ஒரு நிமிசமும் தனிய நிக்கக்கூடாது" என்பதே அவர் கவலை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் காருக்குச் செய்த வைத்தியம். ஆர்ச்வே முருகன் கோயிலின் ஏற்றத்தில் முக்கி முனகி ஏறி, நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்து நசுக்கி, பொனட்டில் சந்தனம் பூசியது அம்மாவின் பங்கு. மிச்சமெல்லாம் மாமாவின் பங்கு. ரேடியேற்றர் தண்ணீர் உறையாமலிருக்கப் பச்சைநிற மருந்து ஒன்றை ஊற்றினார். மழை துடைக்கும் வைப்பர்களுக்குப் புது ரப்பர் போட்டார். டிக்கிக்குள் ஒரு மண்வெட்டியும் ஒரு பை மணலும் வைத்தார். பனியில் சில்லு வழுக்கினால் கீழே போட ஒரு பழைய பாயும் போனது. முன்கண்ணாடியில் வெட்டிய உருளைக்கிழங்கைத் தேய்த்துவிட்டால் பனி பிடிக்காது என்று பெற்றோல் நிலையத்துக்கு வரும் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் சொன்னாராம். அன்றைக்கு எங்களுக்கு இரவுச் சாப்பாட்டில் உருளைக்கிழங்குப் பிரட்டல் இல்லை.

பற்றறிக்கு நடந்த உபசாரம் தனி. குளிரில் அது செத்துவிடும் என்று ஒவ்வொரு பின்னேரமும் அதைக் கழற்றி, பச்சைப்பிள்ளையைத் தூக்குவதுபோல வீட்டுக்குள் தூக்கிவருவார். எங்கள் வீட்டில் நல்ல வெதுவெதுப்பான இடம் சுடுதண்ணீர்த் தாங்கி இருந்த அலுமாரிதான். அதற்குள்தான் சாமிப்படங்களும் இருந்தன. பற்றறிக்கும் அங்கே ஒரு மூலை தரச்சொல்லி மாமா கேட்டார். "பிள்ளையாருக்குப் பக்கத்திலை அசிட்டோ? போடா அங்காலை!" என்றார் அம்மா. அதனால் அது வாசற்கதவடியில், என் பழைய கழுத்துத்துண்டைச் சுற்றிக்கொண்டு, எங்கள் சப்பாத்துகளோடு படுத்தது.

பொம்பிளை வருவதற்கு முதல்நாள் காரைக் கொண்டுபோய் இரண்டு வீடு தள்ளி, தெருவிளக்குக்கு நேர் கீழே விட்டார். விளக்கடியில் கொஞ்சமாவது சூடு இருக்குமாம். "அப்ப ஒரு சுவெற்றரும் போட்டுவிடு" என்றார் அப்பா. மாமா அதைப் பகிடியாக எடுக்காமல், உள்ளே போய்த் தன் கம்பளியைக் கொண்டுவந்து பொனட்டில் போர்த்தினார்.

எல்லாம் முடிந்தது என்று கையைத் துடைத்தபோதுதான் கிழவர் சொன்ன இன்னொன்று ஞாபகம் வந்தது. கதவுப் பூட்டுக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டால் பனியில் இறுகாது. என்ன எண்ணெய் என்று கிழவர் சொல்லவில்லை, மாமாவும் கேட்கவில்லை. எண்ணெய் என்றால் எண்ணெய்தானே. எங்கள் வீட்டில் தலைக்கும், காலில் வெடிப்புக்கும், தையல் மெசினுக்கும், கிறீச்சிடும் கதவுக்கும் ஒரே போத்தல்தான். அது ஹீற்றருக்கு மேலே நிரந்தரமாக நின்ற தேங்காயெண்ணெய்ப் போத்தல்.

லண்டன் குளிரில் தேங்காயெண்ணெய் கட்டியாகிவிடும் என்பது எங்கள் வீட்டில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். அதனால்தானே அது ஹீற்றருக்கு மேலே நின்றது! மாமாவே தினமும் விடிய அதை உருக்கித்தான் ஐதாகிக்கொண்டு போகும் தன் தலையில் தேய்ப்பார். அந்த மனிதர்தான் அன்றைக்கு எண்ணெயை இன்னும் கொஞ்சம் சூடாக்கி, நன்றாக உள்ளே இறங்கவேண்டும் என்று, எனக்குக் காது மருந்து விடும் துளிக்குழாயால் பூட்டு பூட்டாக விட்டார். முன்கதவுகள் இரண்டு, டிக்கி. பூட்டு என்று இருந்த ஒன்றையும் மிச்சம் விடவில்லை. அம்மாவும் அப்பாவும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் டோர்ச் பிடித்தேன். ஒருவர் மண்டையிலும் ஒன்றும் உதிக்கவில்லை.

விடிந்தபோது தெரு முழுக்க அரிசிமா கொட்டியதுபோலக் கிடந்தது. மாமா கோட்டு சூட்டோடு, நெற்றியில் விபூதியோடு, இரண்டு கையிலும் பற்றறியை ஏந்திக்கொண்டு முன்னால் நடந்தார். பின்னால் நாங்கள். பற்றறியை மதிலில் வைத்துவிட்டுச் சாவியைப் போட்டார். சாவி அரைவாசிக்கு மேல் போகவில்லை. மற்றப் பக்கம் போனார். அங்கும் அதே கதை. டிக்கிக்குப் போனார். அது கால்வாசிக்கே நின்றுவிட்டது. சாவியை எடுத்துப் பார்த்தார். பற்களுக்கிடையில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. மூக்கடிக்குக் கொண்டுபோனார்.

"அக்கா... எண்ணெய்" என்றார், ஈனக்குரலில்.

"எண்ணெய்க்கு என்ன?"

"உறைஞ்சுபோச்சு."

"வெண்ணெய் திரண்டு வரேக்க தாழி உடைஞ்ச கதையாப் போச்சு" என்று அப்பா சிரிக்கத் தொடங்கினார். அம்மா பார்த்த பார்வையில் பாதியிலேயே விழுங்கிக்கொண்டார்.

அப்பாவின் யோசனை, கேத்திலில் தண்ணீர் கொதிக்கவைத்து ஊற்றுவது. மாமா இரண்டு கையையும் விரித்துக் காரை மறித்துக்கொண்டு, "ஐயோ அத்தான், கண்ணாடி வெடிச்சுப்போம்!" என்று கத்தினார். சாவியை நெருப்புக்குச்சியில் சூடாக்கிப் போட்டுப் பார்த்தார்கள். உள்ளே கொஞ்சம் போய் அதுவும் குளிர்ந்து நின்றது. அம்மா வானத்தைப் பார்த்து, "பிளேன் இறங்கியிருக்கும்... பிள்ளை வெளியிலை வந்திருக்கும்..." என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். கடைசியில் மாமா தலையைக் குனிந்துகொண்டு, "அத்தான், மினிகாப்புக்கு அடியுங்கோ" என்றார். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு வலித்தது என்பது எனக்கே தெரிந்தது. அப்பா ஓடிப்போய் ரெலிபோன் அடித்துவிட்டுத் திரும்பி வந்தார். அந்தக் குளிருக்கு லண்டனில் பாதிச் சனத்தின் கார் ஸ்டார்ட் ஆகவில்லையாம். எல்லா மினிகாப்பும் வேறு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தன. விமானநிலையத்துக்கும் அடித்துப் பார்த்தாராம். லைன் கிடைக்கவில்லை.

அப்போது அம்மாவுக்குத் தலைமயிர் காயவைக்கும் மெசின் ஞாபகம் வந்தது. கொண்டுவந்தால் வயர் எட்டவில்லை. கார்தான் தெருவிளக்கிடம் சூடு வாங்கப் போயிருந்ததே! விளக்குக்கு நேரே இருந்த வீட்டில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டியம்மா இருந்தார். அம்மா தனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் செலவழித்துக் கேட்க, அவர் இரவு உடுப்போடேயே யன்னலைத் திறந்து வயரை உள்ளே வாங்கிக்கொண்டார். மாமா முழங்காலில் நின்று பூட்டுக்குச் சூடுகாற்றுப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் தெருவெல்லாம் தேங்காயெண்ணெய் மணந்தது. யாராவது கேக் சுடுகிறீர்களா என்று யன்னலிலிருந்து கேட்டார் அந்தப் பாட்டியம்மா.

கிளுக் என்று ஒரு சத்தம். கதவு திறந்தது. பற்றறியைப் பூட்டி, மாமா சாவியைத் திருகினார். கார் முதல் திருகிலேயே உறுமிக்கொண்டு எழும்பியது! பூட்டைத் தவிர, செய்த வைத்தியம் எல்லாம் பலித்திருந்தது.

பிளேஸ்டோ லண்டனின் ஒரு கோடி, ஹீத்ரோ மற்றக் கோடி. வழி நெடுக அம்மா மாமாவுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். "றோட்டிலை அக்சிடென்ற் எண்டு சொல்லு. எண்ணெய்க் கதையை மூச்சுவிடாதை. வந்த முதல்நாளே உன்னை விசரன் எண்டு நினைச்சிடும்." அப்பாவும் அதுதான் சரி என்றார். அவர்கள் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது எனக்குப் புதினமாக இருந்தது. மாமா தெருவிலேயே கண்ணாக ஓட்டினார். ஹவுன்ஸ்லோவைத் தாண்டியதும் தலைக்கு மேலே தாழப் பறந்த ஒவ்வொரு விமானத்தையும் பார்த்து, "உதுவோ? உதுவோ?" என்று அம்மா கேட்டார். அது எப்போதோ இறங்கிவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும்.

விமானநிலையத்துக்குள் சனம் வடிந்திருந்தது. வாங்கு ஒன்றின் நுனியில் ஒரு பெண், சேலைக்கு மேல் மெல்லிய சுவெற்றரோடு, கைப்பையை மடியில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சனம் வரும் வாசலைப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா முன்னால் போய் நின்றார். அம்மா முந்திக்கொண்டு, "பிள்ளை, குறை நினைக்காதையுங்கோ, றோட்டிலை ஒரு அக்சிடென்ற்..." என்று தொடங்கினார்.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்து, சரி என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார்.

"அக்சிடென்ற் ஒண்டும் இல்லை" என்றார் மாமா. "நான் கார்ப் பூட்டுக்குத் தேங்காயெண்ணெய் விட்டனான்."

அம்மா பின்னாலிருந்து கிள்ளியதை நான் பார்த்தேன். மாமா நிறுத்தவில்லை. கிழவர், தெருவிளக்கு, உருளைக்கிழங்கு, கேக் சுடுகிறீர்களா என்று கேட்ட பாட்டியம்மா, ஒன்றும் விடாமல் எல்லாம் சொன்னார். சாட்சிக்குக் கையையும் நீட்டினார். அது இன்னும் எண்ணெய் மணந்தது.

"தேங்காயெண்ணெயோ?" என்று கேட்டார் அந்தப் பெண்.

"ஓம்."

"ஊரிலை மார்கழிப் பனிக்கே உறையிற சாமான்... இந்தக் குளிருக்கோ?"

"ஓம்."

அவர் சிரிக்கத் தொடங்கினார். முதலில் சின்னதாக, பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்தவும் ஏலாமல். கண்ணால் தண்ணீர் ஓடியது, தோள் குலுங்கியது, போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நிற்கவேயில்லை. அம்மா பக்கத்தில் இருந்து முதுகைத் தடவிவிட்டார். மாமா எண்ணெய்க் கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. எங்கள் மாமாவைப் பார்த்து ஒருத்தி இப்படிச் சிரிப்பதா? போதாததற்கு, எவ்வளவு யோசித்தும் அவ்வளவு சிரிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. கொஞ்சம் பகிடிதான். அவ்வளவு பகிடி இல்லை.

பிறகு மாமி எங்களோடு வந்து இருந்தபோது கோபம் ஆறிவிட்டது. இவர் எதற்கும் கண்ணீர் வரச் சிரிக்கிறவர் என்று முடிவுசெய்து, பள்ளிக்கூடத்தில் கேட்ட பகிடி எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டிப் பார்த்தேன். மாமி மரியாதைக்குச் சிரித்தார். ஒரு பகிடிக்குக்கூடக் கண்ணீர் வரவில்லை. என் பகிடிகள் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பல வருடங்களுக்குப் பிறகு, நான் கார் ஓட்டப் பழகிய குளிர்காலத்தில், பக்கத்துச் சீற்றில் இருந்த மாமியிடம் இதைச் சொல்லிக் குறைப்பட்டேன். மாமி பக்கக் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"அண்டைக்கு அந்த வாங்கிலை இருக்கேக்க நான் என்ன நினைச்சன் தெரியுமோ? இவர் வந்திட்டார், எங்கையோ தூணுக்குப் பின்னாலை நிண்டு என்னைப் பாத்திட்டார், பிடிக்கேல்லை, திரும்பிப் போட்டார் எண்டு. படத்திலை நான் நல்ல வெள்ளை, பிள்ளை. ஸ்ருடியோக்காரன் செய்த வேலை. உங்கட அம்மா வந்து அக்சிடென்ற் எண்டு தொடங்கேக்க எனக்கு அது நிச்சயமாப் போச்சு. ஓ, அக்காக்காரி இழுத்துக்கொண்டு வந்திருக்கிறா, மரியாதைக்குச் சொல்லுறா எண்டு விளங்கிச்சு. அப்பத்தான் இந்த மனுசன் தேங்காயெண்ணெய் எண்டார்."

மாமி என் பக்கம் திரும்பினார். "பொய் சொல்லுறதெண்டால் கொஞ்சம் மரியாதையான பொய்யாச் சொல்லியிருக்க மாட்டாரோ?"

நானோ அவ்வளவு காலமும் அவர் பகிடிக்குச் சிரித்தார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.