ஐந்தரையில் நிற்கும் மிதி

பாகூர் கடைத்தெருவில் பஷீர் அகமதுவின் சைக்கிள் கடைக்குப் போகிறவர் பஞ்சர் மட்டும் ஒட்டிக்கொண்டு திரும்பிவிட முடியாது. மற்ற கடைக்காரர்கள் செய்த வேலையைப் பற்றிய சொற்பொழிவையும் கேட்டாக வேண்டும். முப்பத்தோரு வருடத்தில் தன் கையிலிருந்து கோணல் வேலை ஒன்றுகூடப் போனதில்லை என்பது அவருடைய சொத்து. கடையும் வாடகை, வீடும் வாடகை. இது ஒன்றுதான் சொந்தம்.

சோரியாங்குப்பத்தில் பால் ஊற்றும் சிங்காரவேலு ஒரு செவ்வாய்க்கிழமை, மிதித்தால் கடகடவென்கிறது என்று சைக்கிளைக் கொண்டுவந்தார். அதில் மிதியைத் தாங்கும் கிராங்க் பழைய பிரெஞ்சுச் சரக்கு. அச்சு நம்மூர்ச் சரக்கு. இரண்டையும் இறுக்கிப் பிடிக்க ஆப்பு மாதிரி ஒரு பின் இறங்கும். பிரெஞ்சு ஓட்டையோ கொஞ்சம் சிறுசு. நம்மூர்ப் பின்னை அரத்தால் ராவித்தான் இறக்க வேண்டும். ஒரு இழை கூடுதலாக ராவினால் போச்சு. ஒரு மிதி, கடிகார முள் போல, பன்னிரண்டு மணியில் நிற்கும்போது மற்றது ஆறில் நிற்காமல் ஐந்தரையில் நிற்கும்.

பஷீர் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சுற்றிப் பார்த்தார். ஐந்தரை. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"எந்த மகராசன்பா இத மாட்னது? கண்ணு இன்னா, பொடனிலயா இருந்துச்சு?"

"நீதான் பாய்."

"நானா?"

"தானே புயல் அடிச்ச மறுநாளு. ஒன் கடைக் கூரை ரோட்ல கெடந்துச்சு. அதும்மேலயே குந்திக்கினு ராவிக் குடுத்த. பாலு கெட்டுப்பூடும்னு நான் கத்துனனே!"

பக்கத்து டீக்கடை செந்தில்நாதன் டீ ஆற்றுவதை நிறுத்தினார். இத்தனை வருடச் சொற்பொழிவுக்கும் இன்றுதான் அவருக்குப் பலன் கிடைத்திருந்தது.

பஷீர் அச்சில் தேய்ந்திருந்த இரும்புக் குண்டுகளை மாற்றிக் கடகடப்பைச் சரிசெய்தார். பழைய பின்னைத் தட்டிக் கழற்றி, யார் கையிலும் சாட்சியாகச் சிக்காதபடி சட்டைப் பைக்குள் போட்டார். மூன்று புதுப் பின்களை ராவிக் கெடுத்து, நாலாவதில் ஆறு மணியைக் கொண்டுவந்தார்.

மறுநாள் காலை சிங்காரவேலு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். சட்டையெல்லாம் பால் வாடை.

"காலு தேடுது பாய். எடது காலு போய் நிக்கற எடத்துல மிதி இல்ல. குருவிநத்தம் வளைவுல கேனோட சாஞ்சிட்டேன். பழையபடியே பண்ணிக் குடு."

"கோணலா மாட்டச் சொல்ற."

"ஒன் கோணல்தான? நீயே மாட்டு."

முடியாது என்று சொல்லிவிடலாம். சொன்னால் சொத்து தப்பும். அன்று தெரியாமல் செய்தது, இன்று தெரிந்தே செய்யலாமா? ஆனால் சிங்காரவேலு வேறு கடைக்குப் போவார். அந்தக் கடைக்காரன் ஐந்தில் கொண்டுபோய் நிறுத்துவான். நாளைக்கு இன்னொரு வளைவு, இன்னொரு கேன்.

பஷீர் சட்டைப் பையைத் துழாவினார். பழைய பின் அங்கேயேதான் இருந்தது.

மாட்டி முடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். திருப்தியில்லை. கழற்றித் துடைத்து மறுபடி இறக்கினார்.

"இன்னா பாய், ஆறு வரலியே?" என்றார் செந்தில்நாதன், டீக்கடையிலிருந்தே.

"வரக்கூடாதுபா. அஞ்சரைன்னா அஞ்சரை. அஞ்சே முக்கால்ல நின்னா வந்து கேளு!"

சிங்காரவேலு காலைப் பார்க்காமலே ஏறி மிதித்துப் போனார்.