அம்மாவின் மூக்குக்கு நான்கு சம்படங்கள்

கடைவாய்ப் பல் வலிக்கு ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டு அரிமளத்திலிருந்து புதுக்கோட்டைக்கு டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் இருந்த, முன்பின் தெரியாத ஒரு பாட்டி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பல்லு வலியா பாப்பா? வலது பக்கமா?"

"எப்புடிங்க கண்டுபிடிச்சீங்க?"

"அதான் பஸ்ஸே மணக்குதே. கையும் அங்கிட்டுத்தான போகுது."

அவர் கேட்கும்வரை நான் வாயைத் திறக்கவே இல்லை. எங்கோ ஒரு தீவிலிருந்து கப்பலேறி வந்த ஒரு பூமொட்டு. காய்ந்து சுருங்கிப் போனது. என் மூடிய வாயைத் தாண்டி இன்னொருவர் மூக்கைத் தொட்டுவிட்டது. அப்போதுதான் தோன்றியது: இதை வைத்து என் அம்மாவின் மூக்கைத் தட்டி எழுப்பினால் என்ன?

அம்மாவுக்கு வாசனை தெரியாமல் போய் அப்போது ஆறு மாதம் ஆகியிருந்தது. கொரோனாவின் இரண்டாவது அலையில் அப்பாவும் அம்மாவும் ஒரே வாரத்தில் படுத்தார்கள். அம்மா பிழைத்தாள், மூக்கு மட்டும் திரும்பவில்லை. அப்பா பிழைக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அவரை வீட்டுக்குக் கொண்டுவர விடவில்லை. பெரியப்பா மட்டும் போய், தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தார். அம்மா அதைப் பற்றிப் பேசியது ஒரே ஒரு தடவைதான். "வாய்க்கரிசிகூடப் போடல நான்" என்றாள்.

அதனால் முதல் வருசத் திதிப் படையலைத் தானே ஆக்க வேண்டும் என்று அவள் பிடிவாதமாக இருந்தாள். அப்பாவின் தங்கச்சி, என் அத்தை, நயமாகச் சொல்லிப் பார்த்தாள்.

"அண்ணி, நான் வந்து ஆக்குறேன். நீங்க பக்கத்துல ஒக்காந்து பக்குவம் சொல்லுங்க, போதும்."

"அவருக்கு என் கையால ஒரு வாய் போடணும். வேற ஒண்ணும் வேணாம்."

அத்தையின் பயம் எங்கள் எல்லோருக்கும் புரிந்ததுதான். படையலுக்கு ஆக்கும் எதையும் முன்னாலேயே நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. படைத்து, கும்பிட்டு, காக்கைக்கு வைத்த பிறகுதான் மனிதர் வாய்க்கு. உப்பு, காரம், வறுப்பு எல்லாவற்றையும் ஆவியில் மூக்கை நீட்டியே அம்மா சொல்லிவிடுவாள். நாக்குக்குத்தான் தடை, மூக்குக்கு இல்லை. இப்போது அந்த மூக்கும் இல்லை.

தினமும் ஒரே வாசனைகளை விடாமல் முகர்ந்துவந்தால் மூக்கு மெல்லப் பழகலாம் என்று எங்கோ படித்திருந்தேன். வேதியியல் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவளுக்கு இது போதாதா? நான்கு எவர்சில்வர் சம்படங்கள் எடுத்தேன். கிராம்பு, மிளகு, சீரகம், கட்டிப் பெருங்காயம். காலையில் காபிக்கு முன் அம்மாவின் கண்ணைத் துண்டால் கட்டுவேன். சம்படத்தை நன்றாகக் குலுக்கி, வாசம் மேலே எழும்பியதும் மூடியைத் திறந்து மூக்குக்குக் கீழே பிடிப்பேன். அவள் சொல்வதை நோட்டில் எழுதிக்கொள்வேன்.

கூடவே வாயும் சும்மா இருக்காது.

"பெருங்காயம் நம்ம மண்ணுல மொளைக்கிறதே இல்லம்மா. ஆப்கானிஸ்தான் பக்கத்துச் செடியோட பாலு. மிளகாயும் கப்பல்ல வந்ததுதான். அதுக்கு முன்னாடி நம்ம ஆளுங்களுக்குக் காரம்னா மிளகுதான். அதான் படையல் குழம்புல மிளகாய் சேர்க்கக் கூடாதுன்னு வெச்சுருக்காங்க போல. பெரியவங்களுக்குத் தெரியாத சாமானப் போட்டா எப்புடிச் சாப்புடுவாங்க?"

"ஒங்கப்பாவுக்கு மொளகா பஜ்ஜின்னா உசுரு. அவருக்குத் தெரியாதாக்கும்? கதைய நிப்பாட்டிட்டு டப்பாவ நீட்டுடி."

முதல் மாதம் எல்லாமே தப்பு. அதாவது, "தெரியல" என்ற ஒரே பதில். இரண்டாம் மாதக் கடைசியில் ஒருநாள், "சீரகமா?" என்றாள். சீரகம்தான். நான் போட்ட சத்தத்தில் தெருவில் போன பால்காரர் எட்டிப் பார்த்தார். அடுத்த வாரம் மிளகு. பிறகு கிராம்பு. பங்குனி வரும்போது நாலுக்கு நாலு சொன்னாள். அத்தைக்குப் போன் போட்டு, "ஆளெல்லாம் வேணாம், அம்மாவே ஆக்கும்" என்றேன்.

அந்த நாட்களில் ஒருநாள் பீரோவிலிருந்து அப்பாவின் சட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள். அப்பா மசாலா அரைக்கும் மில் வைத்திருந்தவர். எத்தனை தடவை துவைத்தாலும் அவர் சட்டையில் மல்லியும் மிளகாயும் கலந்த ஒரு நெடி இருக்கும். அந்தச் சட்டையை மட்டும் அம்மா துவைக்காமல் பாலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்தாள்.

"இதுல வாசம் இன்னும் இருக்கா பாரு."

முகர்ந்தேன். அந்துருண்டை வாசனை மட்டும்தான் வந்தது.

"இருக்கும்மா" என்றேன்.

"எனக்கும் லேசாத் தெரியுது" என்று மடித்து உள்ளே வைத்தாள். மூக்கு திரும்பிவிட்டவள் ஏன் என்னிடம் கேட்கிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வைகாசியில் திதி. அத்தை காலையிலேயே வந்துவிட்டாள். அடுப்படிப் பக்கம் அவள் நகர்ந்தபோது நான்தான் குறுக்கே நின்றேன். "உள்ள யாரும் போகாதீங்க. அம்மா பாத்துக்கும்." என் நோட்டு சரியென்று நிரூபிக்க வேண்டுமே.

அப்பாவுக்குப் பிடித்த மிளகுக் குழம்பு. மிளகு, மல்லி, சீரகம், துளி வெந்தயம் எல்லாம் வறுத்து அரைக்க வேண்டும். நான் முற்றத்தில் வாழை இலை துடைத்துக்கொண்டிருந்தேன். வறுக்கும் மணம் வந்தது. நன்றாகத்தான் இருந்தது. பிறகு கொஞ்சம் கூடியது. பிறகு வெந்தயம் தீய்கிற கசப்பு மூக்கில் ஏறியது. எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. நாலுக்கு நாலு சொன்னவளுக்குத் தெரியாததா, எனக்குத்தான் பதற்றம் என்று உட்கார்ந்திருந்தேன். என் மூக்கைவிட என் நோட்டை நம்பினேன். அத்தை என்னைப் பார்த்தாள். நான் இலையைப் பார்த்தேன்.

படைத்தோம். அம்மா சோற்றின் மேல் குழம்பை ஊற்றிவிட்டு வெகுநேரம் கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றாள். ஒரு வருடத்தில் அவள் முகம் அவ்வளவு தெளிந்து நான் பார்த்ததில்லை. காக்கைக்கு வைத்துவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தோம்; அம்மா பரிமாறினாள். முதல் வாயிலேயே தெரிந்தது. தொண்டைவரை கசப்பு. படையல் சோற்றைக் குறை சொல்லும் வழக்கம் எங்களில் இல்லை. எல்லோரும் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். பெரியப்பா மட்டும் தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டே, "காக்கா ஒடனே வந்து எடுத்துருச்சு, பாத்தீங்களா?" என்றார். யாரோ சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

எல்லோரும் போன பிறகு அம்மா, தான் இன்னும் சாப்பிடாமலே, கொல்லையில் குழம்புச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"குழம்ப யாரும் ரெண்டாந்தடவ கேக்கல. கருகிருச்சா?"

"ம்."

"ஒனக்கு மணந்துச்சா?"

"மணந்துச்சு."

"ஓடிவந்து சொல்ல வேண்டியதுதானடி!"

"நீதான் எல்லாச் சம்படத்தையும் கரெக்டா சொன்னியேம்மா."

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "அந்தக் குலுக்கு குலுக்குனா செவுடனுக்கும் தெரியும். சீரகம் மணலாட்டம் சரசரங்கும். மொளகு உருளும். கிராம்பு ஒண்ணோட ஒண்ணு ஒரசும். பெருங்காயக் கட்டி கடக்குன்னு ஒரே தட்டு. எத்தன வருசமா அள்ளிப் போடுறேன், எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏம்மா பொய் சொன்ன?"

"மொதத் தடவ சீரகம்னதும் நீ ஒரு சத்தம் போட்டியே. ஒங்கப்பா போனதுக்கப்புறம் ஒன் தொண்டையில அப்புடி ஒரு சத்தம் நான் கேக்கல. அப்புறம் சொல்லிச் சொல்லி, நெசமாவே மணக்குதோன்னு நானும் நம்பிட்டேன்." சட்டியைக் கவிழ்த்தாள். "ஒரு வருசம் காத்துருந்தாரு அந்த மனுசன். கசப்பப் போட்டுட்டேன்."

கவிழ்த்த சட்டியை எடுத்து நான் துடைத்தேன். அவள் கேட்டாள்.

"அந்தச் சட்டை?"

"அந்துருண்டை வாசம்தாம்மா. அப்பவே அவ்வளவுதான்."

தலையை மட்டும் ஆட்டினாள். மறுநாள் சம்படங்களை நான் கழுவிக் கவிழ்த்தேன். நோட்டைக் கிழித்துப் போட எடுத்தேன். பக்கம் பக்கமாக நான் எழுதியிருந்த வாசனைக் கணக்கு எல்லாம், உண்மையில் அவள் காதின் கணக்கு. அதில் அவள் சொன்ன பெயர் ஒன்றுகூடத் தப்பில்லை. கிழிக்க மனம் வரவில்லை.

ஆடி அமாவாசைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அன்றும் அப்பாவுக்குப் படையல் உண்டு. மூக்கு வரும் என்று இனி நான் யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன். சம்படங்களில் பஞ்சை அடைத்து, குலுக்காமல் நீட்டப் போகிறேன். "தெரியல" என்றால் தெரியல என்றே எழுதுவேன். அது ஒரு பக்கம். நாளைக் காலையில் கால் கிலோ மல்லியை அடுப்பில் போட்டு நான் வறுக்கப் போகிறேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். வறுபடாத மல்லிக்கு ஒரு சத்தம், பதத்தில் ஒரு சத்தம், கருகப்போகும் முன் ஒரு சத்தம் இருந்தாக வேண்டும். பதம் வந்த மணம் என் மூக்குக்கு எட்டியதும், இந்தச் சத்தம்தான் என்று நான் அவள் தோளைத் தொடுவேன். மல்லிக்குப் பிறகு வெந்தயம்.

அம்மா இன்னும் சரியென்று சொல்லவில்லை. எந்தச் சட்டி, இரும்பா அலுமினியமா என்று மட்டும் கேட்டாள்.