தண்ணீருக்கு நாற்பது புள்ளி

வீட்டுக்குப் பிளான் கீறுகிறவளிடம் ஆட்கள் குசினியைப் பற்றியும் சாமி அறையைப் பற்றியும் பேசுவார்கள் என்று நம்பித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். வந்த நாளிலிருந்து கக்கூசுத் தொட்டிக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

சிட்னியில் வீடு கட்டியவர்களுக்கு என் கஷ்டம் விளங்கும். புது வீட்டுக்கு அனுமதி கேட்கும்போது பேசிக்ஸ் என்று ஒரு சான்றிதழும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மற்ற வீடுகளைவிட இந்த வீடு எவ்வளவு தண்ணீர் மிச்சம் பிடிக்கும் என்று கம்பியூட்டரில் நிரப்பிக் காட்டுவதுதான் அது. மழைநீர் டாங்க், ஷவருக்கு எத்தனை நட்சத்திரம், வளவில் என்ன செடி என்று எல்லாம் கேட்கும். நிரப்புகிற நான் அதை முழுதாக விளங்கிக்கொண்டேன் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. கொஞ்சம் விளங்கியிருந்ததும் 2011இல் போய்விட்டது. அந்த வருடம்தான் சிவநேசன் அண்ணையும் ராணி அக்காவும் மேற்கு சிட்னியில், கிரவீனில் வீடு கட்டினார்கள்.

நாற்பது காணுமோ?

அண்ணை பஸ் ஓட்டுகிறவர். இந்த நாட்டுக்கு வந்து ஆறு வாடகை வீடு மாறியாகிவிட்டது. ஆறாவது வீட்டின் ஒப்பந்தம் ஆகஸ்ட் கடைசியோடு முடிகிறது, அதற்குப் பிறகு தன் மகன் குடிவருவான் என்று வீட்டுக்காரர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஆகஸ்டுக்குள் சொந்த வீட்டுக்குப் போய்விட வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் கேட்டது.

படிவத்தை நிரப்பி முடித்து, "தண்ணீருக்கு நாற்பது வந்திருக்கு அண்ணை, பாஸ்" என்று சந்தோஷமாகத் திரையைக் காட்டினேன். அண்ணையின் முகம் விழுந்துவிட்டது. இது பரீட்சைப் புள்ளி இல்லை, நூற்றுக்கு நாற்பது வீதம் குறைவாகத் தண்ணீர் பாவிப்பீர்கள் என்று அர்த்தம் என்றேன். எதைவிடக் குறைவாக என்று கேட்டார். நான் ஒரு பதில் சொன்னேன். சொல்லும்போதே அது எனக்குப் பிடிபடவில்லை. கடைசியில் டாங்கை ஐயாயிரம் லீற்றராகப் பெருப்பித்து நாற்பத்தைந்து ஆக்கிக் கொடுத்தேன். அதற்கும் அவர் தேறவில்லை.

"தங்கச்சி, என்ர மகள் கணக்கில தொண்ணூற்றெட்டு எடுத்தவள். அவள் இருக்கப்போற வீடு நாப்பத்தைஞ்சோ?"

வாளிக்கு எத்தனை நட்சத்திரம்?

அடுத்த முறை ராணி அக்கா வந்தார். குளியலறைக்கு மூன்று நட்சத்திர ஷவர் போட வேண்டும், அதில் தண்ணீர் கொஞ்சமாகத்தான் வரும் என்று விளங்கப்படுத்தினேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, தானும் அண்ணையும் வாளியில் அள்ளிக் குளிக்கிற ஆட்கள், அதற்கு எத்தனை நட்சத்திரம் என்றார்.

நான் படிவத்தை மேலிருந்து கீழ்வரை இரண்டு தரம் தேடினேன். வாளி என்று ஒன்று அதில் இல்லவே இல்லை. இரண்டு வாளித் தண்ணீர் எந்த ஷவரையும் தோற்கடித்துவிடும் என்று மனதுக்குள் ஓடியது. அதை எங்கே எழுதுவது? பக்கத்து மேசையில் இருந்த என் முதலாளி முரளியைக் கேட்டேன். கோயம்புத்தூர்க்காரர், எதற்கும் பதறாதவர். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"ஃபார்ம்ல கேக்காததுக்கெல்லாம் நாம ஏங்க பதில் சொல்லணும்? ஷவர்னு போட்டு சப்மிட் பண்ணுங்க. உள்ள எப்படிக் குளிக்கிறாங்கன்னு யாரும் எட்டிப் பாக்க மாட்டாங்க."

கறிவேப்பிலையின் பூர்வீகம்

முன் வளவில் அதிகம் தண்ணீர் கேட்காத உள்ளூர்ச் செடிகள் நடுவதாகச் சான்றிதழில் எழுதியிருந்தேன். ஜூலையில் வீட்டைப் பார்க்கப் போனால், அந்த இடத்தில் கறிவேப்பிலைக் கன்று நான்கு வரிசையாக நிற்கிறது. எழுதிக் கொடுத்தபடி செய்யாவிட்டால் கடைசிச் சான்றிதழ் வராது, அது வராமல் குடிபோக முடியாது என்று பயமுறுத்திப் பார்த்தேன். அக்கா கன்றுகளைப் பின்வளவுக்கு மாற்றச் சம்மதித்தார். ஆனால் மனம் ஆறவில்லை.

"இதின்ர தாய் மரம் பத்து வருசத்துக்கு மேல சிட்னியில நிக்குது. எங்களுக்கே சிட்டிசன் தந்தவை, இதுக்குக் குடுக்க மாட்டினமோ?"

வெறும் டாங்க்

ஆகஸ்ட் கடைசிக் கிழமை. புதன்கிழமை கடைசிச் சான்றிதழுக்காக வீட்டைப் பார்க்க இன்ஸ்பெக்டர் வருகிறார், சனிக்கிழமை குடிபூரல், ஞாயிற்றுக்கிழமை வாடகை வீட்டைப் பூட்டித் திறப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மூன்று கிழமையாக ஒரு துளி மழை இல்லை. திங்கட்கிழமை நான் வேறொருவரின் பிளானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது அக்காவின் போன் வந்தது. டாங்க் வெறுமையாக இருக்கிறதாம். வாசலில் நிறைகுடம் வைத்து ஆட்களை வரவேற்கிற நாங்கள், பின்னால் ஐயாயிரம் லீற்றர் வெறுங்குடத்தை வைத்துக்கொண்டு அந்த மனுசனை எப்படி வா என்பது என்று கேட்டார்.

நான் யோசித்தேன். டாங்க் இருக்க வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறது, தண்ணீர் இருக்க வேண்டும் என்று இல்லை. ஆனால் டாங்கிலிருந்து கக்கூசுக்குத் தண்ணீர் இறைக்கிற பம்ப் வேலை செய்கிறதா என்று பார்ப்பாரே, அதற்குத் தண்ணீர் வேண்டாமா? "நிரப்பினால் பிழையில்லை என்று நினைக்கிறன் அக்கா" என்றேன். 'நினைக்கிறன்' அவர் காதில் விழவில்லை. போனை வைக்க முதலே வீட்டுக்குள் குரல் கொடுப்பது கேட்டது.

"இஞ்சாருங்கோ, தங்கச்சி நிரப்பட்டாம்."

இன்ஸ்பெக்டரின் கேள்வி

இன்ஸ்பெக்டரின் பெயர் டக். நெட்டையான வெள்ளைக்காரர், அதிகம் பேசமாட்டார். டாங்கைத் தட்டிப் பார்த்தார், முழுக்க நிறைந்திருந்தது. பம்ப் ஓடியது, கக்கூசில் தண்ணீர் வந்தது. பேனையை எடுத்தவர் தற்செயலாக மேலே பார்த்தார். பிறகு கீழே பார்த்தார். நானும் பார்த்தேன். கூரை ஓரத்து மழைநீர்ப் பீலியிலிருந்து இறங்கிய குழாய் டாங்கைத் தொடாமல் நேரே நிலத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. பிளம்பர் இரண்டையும் பொருத்த மறந்துவிட்டார். டாங்க் நிறைந்திருந்தபடியால் எங்களில் ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

மழையும் இல்லை, குழாயும் இல்லை, இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று டக் என்னைக் கேட்டார். நான் அண்ணையைப் பார்த்தேன். அந்த நாட்களில் காலை பத்து மணியிலிருந்து பின்னேரம் நாலு மணிவரை வளவுக்கு ஹோஸ் குழாயால் தண்ணீர் பிடிக்கக்கூடாது என்று ஒரு விதியும் இருந்தது. அண்ணை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"ஹோஸ்தான் எண்டு சொல்லுங்கோ தங்கச்சி. ஆனா ரெண்டு நாளும் நாலு மணிக்குப் பிறகுதான் பிடிச்சனான். சட்டப்படி."

நீலவானத்தில் மழை

டக் சான்றிதழ் தரவில்லை. குழாயைப் பொருத்துங்கள், வெள்ளி பின்னேரம் இன்னொரு தரம் வருகிறேன் என்று போய்விட்டார். பிளம்பரோ அடுத்த கிழமைதான் வரலாம் என்கிறார். வாடகை வீட்டில் சாமான் எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டது. நிரப்பச் சொன்னதில் எனக்கும் பங்கிருக்கிறது, அது என்னைத் தின்றது. பிளம்பருக்கு இரண்டு நாளில் எத்தனை தரம் போன் எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. என் தொல்லை தாங்காமல் வெள்ளி மத்தியானம் வந்து பொருத்திவிட்டுப் போனார்.

மூன்று மணிக்கு டக் வந்தார். கூரையில் விழுகிற தண்ணீர் டாங்குக்குப் போவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். வானத்தில் ஒரு முகிலும் இல்லை. அண்ணை ஏணி வைத்து, ஹோஸோடு கூரைக்கு ஏறினார். இன்னும் நாலு மணியாகவில்லையே என்று மேலே நின்று தயங்கியவருக்கு, பரவாயில்லை, பிடியுங்கள் என்று டக் கையைக் காட்டினார். தண்ணீர் ஓட்டில் விழுந்து, பீலியில் ஓடி, டாங்குக்குள் போனது. டாங்க் ஏற்கனவே முட்ட நிறைந்திருந்ததால், போன வேகத்தில் மேலதிகக் குழாயால் வெளியேறித் தெருவோர வடிகானுக்குள் ஓடியது. மேலதிகக் குழாயும் நன்றாக வேலை செய்கிறது என்று அதற்கும் ஒரு சரி போட்டார் டக். பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, எல்லாம் ஒழுங்கு, குடிபோகலாம் என்று எழுதித் தந்தார்.

ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. ராணி அக்கா கடதாசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தெருவில் ஓடுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, இவ்வளவு நாளும் என்ன நடந்ததெண்டு எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. ஆனா இனி ஆரும் எங்களை வீட்டை விட்டு எழும்பு எண்டு சொல்ல ஏலாது, என்ன?"

தெருக்கானில் ஓடிய அந்தத் தண்ணீரை மிச்சத்தில் சேர்ப்பதா செலவில் சேர்ப்பதா என்று உங்களில் யாருக்காவது விளங்கினால், தயவுசெய்து எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.