பேச்சு வாங்கிய சமையல்காரன்

அண்ணன் இறந்த செய்தியைச் சென்னையிலிருந்து சொன்ன அவன் மகன், "அப்பா உங்ககிட்ட பேசணும்னு சொல்லிட்டே இருந்தார், அத்தை" என்றான்.

அந்தச் சொல் என்னைத் திருகோணமலைத் துறைமுகத்தடி வீட்டுக்கு இழுத்துப்போனது. பழைய ஆங்கிலத் துப்பறியும் நாவலைப் படக்கதையாக்கிய இந்தியப் புத்தகம்; உப்புக்காற்றில் பிசுபிசுத்த தாள். சின்ன வயதில் ஒரே கதிரையில் அண்ணனும் நானும் ஒடுங்கியிருந்து வாசித்தோம். ஒரு படத்தில், 'முதலாளி சமையல்காரனிடம் பேசினார்' என்றிருந்தது. எங்கள் ஊரில் பேசுவதென்றால் ஏசுவது, மற்றதெல்லாம் கதைப்பதுதான்.

"பேச்சு வாங்கினவன்தான் கொலைகாரன். இருந்து பார், தங்கச்சி" என்றான் அண்ணன். கடைசிப் பக்கத்தில் மாட்டியவர் மருத்துவர். அண்ணன் புத்தகத்தையே ஏசினான்.

அந்த வீட்டை நான் விற்ற கோபத்தில், அவன் பிறகு என்னோடு கதைக்கவேயில்லை. எங்கள் ஊர் அர்த்தத்திலாவது ஒருதரம் என்னைப் பேசியிருக்கலாம்.