மேடம் அழிக்காத வரி

டைரக்டர் என் மேஜைமேல் போட்ட அந்த அச்சுத்தாள் இன்றும் கண்முன் நிற்கிறது. காலையிலிருந்து கம்ப்யூட்டரில் தட்டப்பட்ட கட்டளைகளின் பட்டியல் அது. நடுவே கோப்புகளை அழிக்கும் கட்டளை ஒன்றைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். பிரிவே ஒரு வாரம் உட்கார்ந்து ஏற்றிய விவரங்கள் காணாமல் போயிருந்தன. “தேக்கோ!” பார் இதை என்று இந்தியில் ஒரு கத்துக் கத்திவிட்டுப் போய்விட்டார்.

தொண்ணூறுகளின் கடைசி. தில்லியில் ஓர் அரசு அலுவலகம். பிரிவு முழுக்க, ஆளுக்கொரு திரையிலிருந்து ஒரே யூனிக்ஸ் கம்ப்யூட்டருக்குள், ஒரே பயனர் பெயரில்தான் நுழைவோம். கடவுச்சொல் சுவரிலேயே ஒட்டியிருக்கும். நான் ஒப்பந்த ஆள், அந்த மாதக் கடைசியில் நீட்டிப்பு வர வேண்டும். பழைய நகல்களை அழிப்பது என் வேலை; அவற்றை மட்டும் அழித்ததாகத்தான் ஞாபகம். ஆனால் தாளைப் பார்க்கப் பார்க்க என்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். என்ன மடத்தனம்!

பக்கத்து இருக்கையில் மேடம். திருநெல்வேலிக்காரர், என் வயதுதான், நிரந்தர ஊழியர். பதவி உயர்வுப் பட்டியலில் முதலில் இருந்தவர். எதையும் லேசில் நம்ப மாட்டார். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கடைக்காரர் எவ்வளவு சத்தியம் செய்தாலும் காப்பித்தூளை மோந்து பார்த்துத்தான் வாங்குவார். அந்தத் தாளையும் அப்படித்தான் பார்த்தார்.

“காலைலேந்து நானுந்தான தட்டுதேன்? என் வரி ஒண்ணைக்கூடக் காணோமே சார்.”

அமைப்புக் கோப்பைத் திறந்து வரிவரியாகத் துருவினார். விஷயம் பிடிபட்டது. தட்டியதெல்லாம் வெளியேறும்போதுதான் பட்டியலில் ஏறும். அதுவும் ஏற்கெனவே இருப்பதை அழித்துவிட்டு ஏறும். நான் சாப்பிடப் போகும்முன் வெளியேறியிருந்தேன். மேடம் இன்னும் வெளியேறவேயில்லை. அதனால் என் கட்டளைகள் மட்டும் மாட்டிக்கொண்டன.

தன் திரைக்குத் திரும்பி, அதுவரை தான் தட்டியதையெல்லாம் வரவழைத்தார். ஒரு வரியில் விரலை வைத்தார். எட்டிப் பார்த்தேன். வேறு கோப்பகத்தில் நிற்பதாக நினைத்து அவர் தட்டிய ஒற்றை வரி, எல்லாவற்றையும் துடைத்திருந்தது.

எனக்குக் காட்டாமலே அந்த வரியை இல்லாமல் செய்திருக்கலாம். ஒரு சின்னக் கட்டளை போதும், ஈ காக்கைக்குக்கூடத் தெரிந்திருக்காது. அவர் அதை அச்செடுத்தார். இனி யார் எதைத் தட்டினாலும் அந்தக் கணமே பட்டியலின் கடைசியில் சேரும்படி அமைப்பை மாற்றினார்.

“விடுங்க மேடம், என் லெட்டர்தான் ரெடியா இருக்கே,” என்று உளறினேன். பதவி உயர்வு போய்விடுமே என்ற பதற்றம் எனக்கு.

“செய்யாததுக்கு எதுக்கு சார் கையெழுத்து? அதை இங்க குடுங்க.”

கிழித்துப் போடப் போகிறார் என்று நினைத்தேன். படித்துப் பார்த்தார். “நல்லாத்தான் எழுதியிருக்கிய,” என்றவர், வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து அதை அப்படியே பார்த்து எழுதி, அடியில் தன் பெயரைப் போட்டுக்கொண்டு டைரக்டர் அறைக்குள் போனார்.