நேர்கோடு சொன்ன பொய்

போன வெள்ளிக்கிழமை தாரணி வழக்கத்தைவிட முன்னதாகவே வீடு திரும்பிவிட்டாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே லேப் கோட், காபி மக், அவள் மேசையில் வைத்திருந்த குட்டிப் பிள்ளையார்.

பிள்ளையாரே கிளம்பி வந்துவிட்டார் என்றால் அப்புறம் கேட்க என்ன இருக்கிறது?

மலேசியாவில், கிள்ளானில் என் வீட்டு மாடி அறையில் குடியிருப்பவள் தாரணி. திருச்சிக்காரி. தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு மருந்துத் தொழிற்சாலை லேபில் வேலை. வேலை இருந்தால்தான் பெர்மிட். பெர்மிட் இருந்தால்தான் இங்கே இருக்க முடியும்.

அப்படி என்ன செய்துவிட்டாள்? சமையலறையில் உட்கார்ந்து அவள் சொன்னதை, எனக்குப் புரிந்த அளவுக்குச் சொல்கிறேன்.

சில மூலக்கூறுகள் இடது செருப்பு, வலது செருப்பு மாதிரி ஜோடியாக இருக்குமாம். ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். எடையும் ஒன்றே, நிறமும் ஒன்றே. ஆனால் ஒன்று நோயைத் தீர்க்கும்; இன்னொன்று உடம்பைக் கெடுத்தாலும் கெடுக்கும். ஒரு மெல்லிய உருக்குக் குழாய்க்குள் திரவத்தோடு தள்ளினால் ஒன்று முந்தி வரும், ஜோடி பிந்தி வரும். வெளியே வரும் இடத்தில் முறுக்கிய ஒளியைப் பாய்ச்சுவார்கள். திரையில் ஒன்று மேடாகத் தெரியும், மற்றது பள்ளமாக. ஜோடியே இல்லாத பொருள் என்றால் கோடு நேராகவே போகும்.

ஆனால் அவள் லேபில் இருந்த குழாய்க்கு வயதாகிவிட்டது. சரியாகப் பிரிக்கவில்லை. புதுசு வேண்டும் என்று தாரணி கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். சூப்பர்வைசர், "இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்லா" என்று வாயை அடைத்துவிட்டார்.

அப்போதுதான் ஒரு சரக்கு சோதனைக்கு வந்தது. சாதாரண ஒளியில் பார்த்தால், மருந்துக்குப் பக்கத்தில் ஏதோ கலப்பு, ஒரு குட்டி மேடு. முறுக்கிய ஒளியிலோ அதே இடத்தில் வெறும் நேர்கோடு. ஜோடியில்லாத ஏதோ சாதாரணக் கசடு, ஆபத்தில்லை என்று விட்டுவிட்டாள். உண்மையில் அந்தக் கலப்பின் இடதும் வலதும் பிரியாமல் சரிபாதியாகச் சேர்ந்தே வந்திருந்தன. மேட்டை வைத்துப் பள்ளத்தை நிரப்பியதுபோல் ஆகிவிட்டது.

வாங்கிய கம்பெனி கண்டுபிடித்து மொத்தத்தையும் திருப்பி அனுப்பியது. நல்லவேளை, யாரும் சாப்பிடவில்லை.

தாரணிக்குக் கல்தா. சூப்பர்வைசர் அதே நாற்காலியில்! அந்தப் பழைய குழாய்கூட இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறதாம்... வயிறு எரிகிறது எனக்கு.

அவள் யாரையும் திட்டவில்லை. "தப்பு எம்மேலதாங்க்கா. ரெண்டும் சேந்து வந்தா கோடு நேராத்தான் இருக்கும். அதைப் படிச்சவதானே நான்?" என்றாள்.

நானும் சும்மா இருக்கவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒருவர், அம்பாங்கில் ஒருவர் என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டேன். எல்லாரும் "பாக்கலாம்" என்றார்கள். அந்த "பாக்கலாம்" எனக்குத் தெரியாதா? இந்த மாதக் கடைசியில் அவள் விமானம் ஏறியாக வேண்டும். செய்வதற்கு ஒன்றும் இல்லை.

அன்று சமையலறையில் பேசிக்கொண்டிருக்கும்போதே திருச்சியிலிருந்து அவள் அம்மா வீடியோவில் கூப்பிட்டார். தாரணி ஓடிப்போய் முகம் கழுவி, தலையை ஒதுக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். வேலையெல்லாம் எப்படிப் போகிறது என்று கேட்டார் அம்மா.

"நல்லா போகுதும்மா. ஒரு பிரச்சினையும் இல்ல."

குரலில் ஒரு மேடு இல்லை, ஒரு பள்ளம் இல்லை. அந்த அம்மாவும் நம்பிவிட்டார்.