முதல் தண்ணி யாருக்கு

கோவில்பதாகையில் கலைவாணியைப் போல ஒரு சந்தேகப் பிராணியை நீங்கள் பார்த்திருக்க முடியாது. காஸ் சிலிண்டர் வந்தால் எடை போடாமல் வாசல் தாண்ட விடமாட்டாள். அம்பத்தூரில் மருந்துக் கடையில் பில் போடுகிற வேலை. மெஷின் கூட்டிய தொகையை மனசுக்குள் இன்னொரு தரம் கூட்டுவாள். ஊரை விடுங்கள், தன்னையே நம்பாதவள். காலை ரயிலை விட்டுவிடுவோமென்று வீட்டுக் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்திருந்தாள். வீட்டில் ஒரு கடிகாரம் சரியாக ஓடினாலும் மனசு உஷாராகிவிடுமாம், அதனால் பழைய கம்ப்யூட்டரின் நேரத்தையும் அதே அரை மணி தள்ளிவிட்டாள்.

அவள் எடை போட்டுப் பார்க்காத ஒரே ஆள் எதிர்வீட்டு மர்வா, நசீம் பானுவின் மகள். வயதில் பாதி. ஆனாலும் ஆவடியில் கம்ப்யூட்டர் வகுப்புக்கு இரண்டு பேரும் ஒன்றாகத்தான் போவார்கள், டிபன் டப்பாவிலும் பங்கு உண்டு.

அந்தக் காம்பவுண்டில் நாலு வீட்டுக்கு ஒரே மோட்டார். முதலில் பிடிக்கிறவர்களுக்குத் தெளிந்த தண்ணி, கடைசி வீட்டுக்குச் சேறு. இதற்குத் தினமும் சண்டை. வகுப்பில் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதச் சொன்னபோது, "மோட்டார் முறையையே எழுதலாம்க்கா" என்றாள் மர்வா. இன்றைக்கு எந்த வீடு முதலில் என்று அது சொல்லும். திங்கட்கிழமையிலிருந்து அதன்படிதான் தண்ணி என்று நாலு வீடும் ஒத்துக்கொண்டன.

எழுதிய ஒவ்வொரு ஃபைலையும் மெஷின் மொழிக்கு மாற்றி, அதாவது கம்பைல் செய்து, சேர்ப்பது பெரிய ரோதனையாக இருந்தது. மர்வா ஒரு மேக்ஃபைல் எழுதினாள். எதிலிருந்து எது உருவாகிறது என்று அதில் சொல்லிவிட்டால், பிறகு 'மேக்' என்று அடித்தால் போதும். எழுதிய ஃபைலின் நேரத்தையும் அதிலிருந்து உருவானதன் நேரத்தையும் ஒப்பிட்டு, அதற்குப் பிறகு மாற்றியதை மட்டும் அது திரும்பக் கம்பைல் செய்யும்.

கலைவாணி மேக்ஃபைலை இன்னொரு தரம் படித்தாள். "மத்தத தொடாதா? நாம மாத்துனத தொடாம உட்டுட்டா?"

"உடாதுக்கா. நேரத்த பாத்துதானே செய்யுது."

ஞாயிறு சாயங்காலம் கலைவாணி தன் வீட்டில் 'மேக்' அடித்து, எல்லாவற்றையும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு உடனே மர்வா வீட்டுக்குப் போனாள். அதுவரை சோதனைக்காக மர்வாவின் வீட்டையே முதலில் போட்டிருந்தார்கள். இப்போது முறையை மாற்றி எழுதினார்கள். வருஷக்கணக்காகச் சேறு பிடித்த கடைசி வீட்டு ராணிக்குத்தான் திங்கட்கிழமையன்று முதல் தண்ணி.

மர்வாவின் லேப்டாப்பில் 'மேக்' அடித்தார்கள். செய்ய ஒன்றுமில்லை, எல்லாம் புதுசாகத்தான் இருக்கிறது என்றது. கூடவே, ஒரு ஃபைலின் நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது என்று ஓர் எச்சரிக்கை. ஓட்டிப் பார்த்தால் முதல் தண்ணி: நசீம் பானு வீடு.

"எதிர்காலமா? இன்னா கத உடுது இது?"

"சும்மா வார்னிங்தான்க்கா." மர்வா திரும்ப அடித்தாள். திரும்பவும் நசீம் பானு வீடு.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். கலைவாணி லேப்டாப்பைப் பார்த்தாள், மர்வாவைப் பார்த்தாள், உள்ளே வெங்காயம் நறுக்குகிற நசீம் பானுவைப் பார்த்தாள். "எத மாத்துனாலும் உங்க ஊடுதான் முதல்ல வரணும்னு உள்ள எழுதி வெச்சுகீறியா?"

மர்வாவின் முகம் செத்துப்போயிற்று. பென்டிரைவைப் பிடுங்கிக் கையில் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து கலைவாணி எல்லாவற்றையும் தன் கம்ப்யூட்டரில் போட்டு, முறை எழுதிய ஃபைலில் சும்மா ஒரு காலி வரி சேர்த்து 'மேக்' அடித்தாள். முதல் தண்ணி: ராணி வீடு. போதாதா? தன் மெஷினில் நியாயம், மர்வாவின் மெஷினில் அநியாயம். நேராக ராணியிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை காலையில் ராணி சொன்னபடி நசீம் பானுவின் குடங்கள் கடைசியில் நின்றன. அந்த அம்மாள் கலங்கல் தண்ணியை எடுத்துக்கொண்டு போனாள்.

வகுப்பு மாஸ்டரிடம் காட்ட ஆதாரம் வேண்டும் என்று கலைவாணி பென்டிரைவில் இருந்த ஃபைல்களின் நேரத்தைத் திறந்து பார்த்தாள். ஒரு ஃபைல் ஆறரைக்கு உருவானதாக இருந்தது. ஆறரைக்கு அவள் மர்வா வீட்டில் சண்டையல்லவா போட்டுக்கொண்டிருந்தாள்? மாட்டினாயா என்று நினைத்தாள். வேலைக்கு நேரமாகிறதா என்று திரையின் மூலையைப் பார்த்தவள், தினமும் செய்வதுபோல மனசுக்குள் அரை மணி கழித்தாள்.

கை மவுஸிலேயே நின்றது.

ஆறரையிலும் அரை மணியைக் கழித்தாள். ஆறு. ஆறு மணிக்கு இதே நாற்காலியில் உட்கார்ந்து 'மேக்' அடித்தது அவள்தான். மர்வா வீட்டில் மாற்றியது அதற்குப் பிறகு, ஆனால் அந்த லேப்டாப்பில் சரியான நேரம், அப்போது ஆறரை ஆகவில்லை. மாற்றியது பழசு, பழசு புதுசு என்று மேக் நம்பிவிட்டது. எதிர்காலம் என்று அது சொன்னது சத்தியம்.

எதிர்வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். மன்னிச்சுக்கோ என்றும் சொன்னாள். மர்வா கதவைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றாள்.

"ராணியக்காகிட்ட போய் சொல்லுங்கக்கா. அவங்கதான் எங்கம்மாவ கடைசில நிக்க வெச்சது."

ராணி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பாதி கேட்கும்போதே அவள் கண் சுருங்கியது.

"நேத்து அவ ஏமாத்துறான்ன. இன்னிக்கு கடியாரம் ஏமாத்துச்சுன்ற. அவங்க ஊட்ல உனுக்கு இன்னா சொல்லி அனுப்புனாங்க?"

"ஐயோ ராணி, கம்ப்யூட்டர்ல நேரம் தப்பா வெச்சது நான்தான்."

"ரெண்டு பேரும் சேந்துதான அத எழுதுனீங்க?" காஸ் சிலிண்டர்காரனைக் கலைவாணி எப்படிப் பார்ப்பாளோ, அப்படியே மேலும் கீழும் பார்த்தாள் ராணி. "கம்ப்யூட்டர் வாணாம். நாளைலேர்ந்து அவங்களுக்கு பின்னால நீ புடி."

மறுநாள் நசீம் பானுவின் குடங்களுக்குப் பின்னால் கலைவாணியின் குடங்கள் நின்றன. மர்வாதான் தண்ணி பிடிக்க வந்தாள். தன் கடைசிக் குடம் நிறைந்ததும், டியூபைக் கீழே போடாமல் கலைவாணியின் குடத்துக்குள் விட்டுவிட்டுப் போனாள். தண்ணி எப்படி வருகிறதென்று பார்க்க, பழக்கதோஷத்தில் குனிந்த கலைவாணி, பார்க்காமலேயே நிமிர்ந்துகொண்டாள்.